ஓதின சீனி

எங்கள் ஆட்களிடையே சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, ஐம்பது வயதுக்குமேல் வந்தால் அது ஓர் அந்தஸ்து. கலியாண வீட்டில் வட்டிலப்பத்தைத் தள்ளி வைத்துவிட்டு "எனக்குச் சீனி" என்று சொல்லும்போது அந்தக் குரலில் சின்னப் பெருமைகூட இருக்கும். நன்றாகச் சாப்பிட்டு வாழ்ந்தவருக்கு வரும் வருத்தம் அல்லவா அது! அதே வருத்தம் பெண்பிள்ளைக்குச் சின்ன வயதில் வந்தால் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது வந்தது.

மாத்திரையில் அடங்குகிற வகையும் இல்லை. கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. சாப்பாட்டுக்கு முன் ஊசி, படுக்கப் போகுமுன் ஊசி, இனி வாழ்நாள் முழுக்க இதுதான் என்றார்கள். உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் செய்த முதல் வேலை, எனக்குக் கேஸ்ட்ரிக் என்று அயலுக்கு அறிவித்ததுதான். எங்கள் ஊர் கடுகண்ணாவை முழுவதும் என் வயிற்றுக்காகக் கவலைப்பட்டது. வருகிறவர்கள் எல்லோரும் ஒரு கைமருந்து சொன்னார்கள். நானும் தலையாட்டி ஆட்டிப் பழகிவிட்டேன்.

பிறகு நான் விஞ்ஞான டீச்சரானேன். கரும்பலகையில் கணையத்தை வரைந்து, இது பழுதானால் என்ன நடக்கும் என்று பத்தாம் வகுப்புக்கு விளக்குவேன். என் கைப்பைக்குள் இன்சுலின் இருக்கும். ஒரு பிள்ளைக்குக்கூட அது தெரியாது. இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

பிலிமத்தலாவையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து கலியாணம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் முடிக்க மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். உம்மா அழுதார், நான் அசையவில்லை. கடைசியில் தொலைபேசியில் நானே சொன்னேன். அவர், "அது பரவாயில்ல. ஆனா எங்கட உம்மாக்கு மட்டும் இப்ப செல்ல வாணாம்," என்றார்.

காரணம் இருந்தது. அவருடைய உம்மாவின் ராத்தாவுக்கு, அதாவது மூத்த சகோதரிக்கு, சீனி முற்றி ஒரு பாதத்தை எடுத்துவிட்டார்கள். ராத்தா மௌத்தாகிக் கண்மூடும்வரை அந்தக் காயத்தைக் கழுவிக் கட்டியவர் என் வருங்கால மாமிதான். அதற்குப் பிறகு, சீனி இருக்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி வைத்திருந்தார். நான் அந்த ஒரு நிபந்தனைக்கு ஒத்துக்கொண்டேன். ஒற்றைக்காலில் நின்றவள் அத்தோடு இரண்டு காலையும் ஊன்றிவிட்டேன்.

கலியாணத்துக்கு முன்னால் கண்டியில் என் கிளினிக் டொக்டரிடம் சொன்னேன். சிங்களப் பெண்மணி. எதையும் சுற்றி வளைத்துப் பேசாதவர். என் இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கலியாணம் முடியுங்கள், சந்தோஷம். ஆனால் இந்தக் கணக்கு இறங்கும்வரை பிள்ளை வேண்டாம்," என்றார். "பிள்ளையின் இருதயமும் முள்ளந்தண்டும் உண்டாகிற நேரத்தில், நீங்கள் கர்ப்பம் என்று உங்களுக்கே தெரியாது. அந்த நேரத்தில் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் பிள்ளைக்குக் குறை வரலாம். அதனால்தான் முதலே ஆயத்தமாக வேண்டும். ஃபோலிக் அசிட்டும் சாதாரண அளவு உங்களுக்குக் காணாது, நான் கூட்டித் தருகிறேன்."

எல்லாம் எனக்கு விளங்கியது. விளங்குவதில் எனக்கு ஒருநாளும் குறைவில்லை.

மாமியார் வீட்டில் நான்தான் அதிகம் குளியலறைக்குப் போகிறவள். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்னால் உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு வயிற்றில் ஊசி போடுவேன். இன்சுலின் குப்பி, குளிர்சாதனப் பெட்டியில் கண்ணுக்கு விடும் மருந்து என்ற பெயரில் இருந்தது. மாமி என் வயிற்றைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்து, கொத்தமல்லி அவித்துத் தர ஆரம்பித்தார். நல்ல மனுஷி. அதட்டிப் பேசுவார், ஆனால் அடுத்தவருக்குப் பரிமாறாமல் தன் பீங்கானில் கை வைக்க மாட்டார். அவர் கொடூரமான மாமியாராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

புதிதாகக் கலியாணம் முடித்தவர்களைப் பார்க்க அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ் வந்தார். முன்னறையில் கதிரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சீனி இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, வலிப்பு வந்திருக்கிறதா? மாமி தேத்தண்ணித் தட்டோடு பக்கத்தில் நின்றார். "இல்லை, இல்லை, இல்லை," என்றேன். மாமி என் தோளைத் தட்டி, சிங்களத்தில் மிஸ்ஸிடம், "என் மருமகள் சுத்தமான பிள்ளை," என்றார். திருடனுக்குத் தேள் கொட்டினது போல நான் சிரித்துக்கொண்டு இருந்தேன்.

மாதங்கள் போயின. என் கணக்கு மெல்ல மெல்ல இறங்கியது. ஆனால் மாமியின் பொறுமையும் அதோடு சேர்ந்து இறங்கியது. நேரே ஒன்றும் கேட்க மாட்டார். தொழுகைப் பாயில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கிற மாதிரிக் கொஞ்சம் சத்தமாக, பேரப்பிள்ளை வேண்டித் துஆ கேட்பார். கடைக்கு வருகிறவர்கள் விசாரித்தார்கள், கலியாண வீடுகளில் விசாரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் மாமி காலையிலேயே வெளிக்கிட்டுப் போனார். முழங்கால் வருத்தக்காரி. கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஹேவாஹெட்டைப் பக்கம் இன்னொரு பஸ், அதன்பிறகு ஏற்றத்தில் நடை. அங்கே ஒரு வயதான லெப்பை பிள்ளைப் பாக்கியத்துக்குக் குர்ஆன் வசனம் ஓதிக் கொடுப்பாராம். பின்னேரம் திரும்பி வந்தபோது கால் வீங்கியிருந்தது. கைப்பையிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். நிறைய வெள்ளைச் சீனி.

"ஓதின சீனி மகள். சுபஹ் தொழுதிட்டு, வெறும் வயித்தில ஒரு கரண்டி. பொறகு இதையே போட்டுத் தேத்தண்ணி. இன்ஷா அல்லாஹ், கிடைக்கும்."

என் கணவர் வாயைத் திறந்தார். "உம்மா, இதெல்லாம்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். அவர் அந்தப் போத்தலுக்கு முன்னால் காட்டிய வீரம் அவ்வளவுதான். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை அளக்க முடியாது. ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்?

அடுத்த நாள் காலையிலிருந்து மாமி எனக்கு முன்னால் வந்து நிற்பார். நான் உள்ளங்கையை நீட்டுவேன். அது தேத்தண்ணிக் கரண்டியல்ல, சோறு போடுகிற கரண்டிக்குத் தம்பி. "பிஸ்மி செல்லுங்க," என்பார். நான் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி வாயில் போடுவேன். அது கரைந்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். முகத்தில் அப்படியொரு ஆசை. அந்த முகத்துக்கு முன்னால் "எனக்கு இது நஞ்சு மாமி" என்ற வார்த்தை வரவில்லை. விழுங்கினேன்.

ஊசியைக் கூட்டிப் பார்த்தேன். ஒருநாள் அளவு தவறி, வகுப்பில் கை நடுங்கி, வியர்த்து, வெண்கட்டி விழுந்து உடைந்தது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். அதற்குப் பிறகு கூட்டப் பயந்து, காலைச் சீனியை அப்படியே ஏறவிட்டேன். அடுத்த கிளினிக்கில் இறங்கிக்கொண்டு வந்த கணக்கு திரும்ப ஏறியிருந்தது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன மாறியது?" என்று கேட்டார். "பாடசாலையில் பரீட்சைக் காலம்," என்றேன். எனக்கு உதவி செய்வதற்கென்றே இருந்த இரண்டு பெண்கள், மிட்வைஃப் மிஸ்ஸும் இந்த டொக்டரும். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தே பொய் சொன்னேன்.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். மாமி தேத்தண்ணி ஊற்றத் திரும்புகிற நேரம் பார்த்து, அவர் தந்த சீனியை வாயில் போடுவதுபோல் கையைக் கொண்டுபோய், உள்ளங்கையிலேயே பொத்திக்கொண்டு, குசினிப் பின்கதவால் கோழிக்குத் தீன் போடப் போகிறவள்போல் வெளியே போய்விடுவேன். தேத்தண்ணியை ஆறட்டும் என்று வைத்து, அதையும் வெளியே கொண்டுபோய்விடுவேன். தொட்டியில் ஊற்றிக் கழுவியிருக்கலாம். ஆனால் ஓதின பொருளைச் சாக்கடையில் விடக்கூடாது, கால்படுகிற இடத்தில் போடக்கூடாது. அதனால் மதில் ஓரத்துச் செவ்வரத்தை மரத்தடியில், ஒருவரும் மிதிக்காத இடத்தில் கொட்டினேன். வகுப்பில் மூடநம்பிக்கை பற்றி நீட்டி முழக்குகிற டீச்சர் செய்த வேலை இது. ஓதின சீனிக்குக் கொடுத்த மரியாதையை உண்மைக்குக் கொடுத்திருந்தால் போதுமாயிருந்திருக்கும்.

எறும்பு சும்மா இருக்குமா? மழை இல்லாத நாட்கள் வேறு. செவ்வரத்தை அடியிலிருந்து மதில் வரைக்கும் வரிசை கட்டியது. அதைப் பார்த்து மண்ணெண்ணெய் ஊற்றப் போன மாமி, அந்த முழங்காலோடு குந்தியிருந்து, மண்ணைக் கிளறி, நாக்கில் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

அது ஒரு சனிக்கிழமை. கணவர் கடையில். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மாமி பின்கதவால் வந்து எனக்கு முன்னால் கையை விரித்தார். மண்ணும் சீனியும் இரண்டு எறும்பும்.

"இது என்னன்டு தெரியுதா மகள்?"

"ஓதின சீனி."

"அது எனக்கும் வெளங்குது. ஏன் மண்ணில ஈக்கி?"

நான் வெங்காயத்தைக் கீழே வைத்தேன். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். குரல் இன்னும் தணிந்தது.

"எங்கட ஊட்டுக்குப் புள்ள பெற ஒங்களுக்கு விருப்பமில்லையா? செல்லுங்க. நான் ஒண்டும் கோவிக்க மாட்டேன். ஒங்கட விருப்பம் தானே அது. தெரிஞ்சிருந்தா நான் அவளவு தூரம் போய் உசிர வாங்கிருக்க மாட்டேன் ஒங்கட."

அந்த இடத்தில்தான் என் வாய் திறந்தது. உயர்தர வகுப்பு, கேஸ்ட்ரிக், குளியலறை, கண் மருந்து, மகனின் நிபந்தனை, டொக்டர் சொன்னது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டுப்பட்டது. மாமி குசினி வாங்கில் மெதுவாக உட்கார்ந்தார். மண் ஒட்டிய கையை மடியில் வைக்காமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் சீனி தந்த நேரம், அது ஒங்களுக்குக் கூடாதுன்டு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமி."

"தெரிஞ்சிட்டா திண்ட?"

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"பிஸ்மி செல்லி, எண்ட கையாலயே தந்த தானே மகள். நான் ஒங்கட மொகத்தையே பாத்துக்கொண்டு நிண்ட தானே. ஒரு சொல்லு செல்லேலாமப் போச்சா?"

அதுவரைக்கும் வெட்கம் என்றால் என் உடம்பைப் பற்றிய வெட்கம்தான் என்று எண்ணியிருந்தேன். அது ஒன்றுமேயில்லை என்று அன்று விளங்கியது. காலை காலையாக ஒரு மனுஷியை அன்போடு எனக்குக் கெடுதல் செய்ய வைத்துவிட்டு, நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாமி கண்ணைத் துடைத்தார். "இப்ப டொக்டர் என்ன செல்ற?"

"பொறுக்கச் சொன்னாங்க. சீனி எறங்கின பொறகு புள்ள உண்டாகினா நல்லமாம்."

"அப்ப பொறுப்போம். அல்லாஹ் தார நேரம் தரட்டும்," என்றார். அவ்வளவு லேசாகச் சொன்னார். இத்தனை மாதம் நான் பயந்து நடுங்கிய விஷயம், இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது. ஆனால் அது முடியவில்லை. மாமியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, போன மாதம் நாங்களும் கவனத்தை விட்டிருந்தோம். மீதியையும் நான் சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு நாள் தள்ளிப் போயீக்கி மாமி. நேத்துத்தான் டெஸ்ட் பண்ணிப் பாத்த."

அந்தச் செய்தியைக் கேட்டதும் அல்ஹம்துலில்லாஹ் சொல்வதற்காகவே இரண்டு பஸ் ஏறி மலைக்குப் போனவர் அவர். அன்று அவர் சொன்னது, "யா அல்லாஹ், நான் என்ன செஞ்ச," என்பதுதான்.

திங்கட்கிழமையே கிளினிக்குக்குப் போனோம். மாமியும் வந்தார். இந்த முறை ஒன்றையும் மறைக்கவில்லை. டொக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார், திட்டவில்லை. அந்த நேரம் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஊசி அளவுகளை மாற்றினார். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னார், அடிக்கடி வரச் சொன்னார். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தபோது அவரிடமும் சொன்னேன். "முதலே கேட்டேனே," என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மாமி எல்லாவற்றையும் கையில் எடுத்தார். சிவப்பரிசிச் சோற்றைத் தேத்தண்ணிக் கோப்பையால் அளந்து வைப்பார். வல்லாரை, பொன்னாங்காணி, அவித்த கடலை என்று பீங்கானை நிரப்புவார். நான் முன்னறையில் எல்லோர் முன்னாலும் ஊசி போடும்போது, பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார். கணவர் உம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனார். "நீங்க பேச வாணாம்," என்று அவரை அனுப்பிவிட்டார். மகனோடு அவர் பழையபடி பேசப் பல நாள் சென்றது.

பிள்ளையின் இருதயத்தைப் பார்க்கிற ஸ்கேன் நாளன்று, மாமி கண்டி ஆஸ்பத்திரி வாங்கில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளே படுத்துக் கிடந்தேன். திரையில் நான்கு அறைகளும் தெரிகின்றன, இதுவரைக்கும் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். ஓடிவந்து மாமியிடம் சொன்னேன். அவர் எழுந்து நேரே டொக்டரின் அறைக்குள் போனார். போய், சிங்களத்தில், தான் கொடுத்தது எத்தனை கரண்டி, எவ்வளவு பெரிய கரண்டி என்று கையால் காட்டிச் சொன்னார். அதனால் பின்னுக்கு ஏதாவது வருமா என்று கேட்டார்.

டொக்டர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஒரு கரண்டிச் சீனியால் மட்டும் எதுவும் வருவதில்லை. நீங்கள் தெரிந்து கொடுக்கவில்லையே," என்றார். மாமி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். பஸ்ஸில் பேராதனை தாண்டும்போது, "டொக்டர்மார் ஆறுதலுக்கு அப்பிடித்தான் செல்லுவாங்க," என்றார். நான் அவருடைய கையைத் தொட்டேன். அவர் எடுக்கவில்லை, பிடிக்கவும் இல்லை.

மகள் பிறந்தாள். பெரிய பிள்ளை, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பிறந்ததும் அவளுடைய இரத்தத்தில் சீனி குறைந்து போனது. என் சீனிக்கு ஈடுகொடுத்துப் பழகிய சின்னக் கணையம், கொடி அறுந்த பிறகும் விடாமல் வேலை செய்ததாம். பிள்ளைகளுக்கான பிரிவில் வைத்துக் குதிக்காலில் குத்திக் குத்திச் சீனி பார்த்தார்கள். மாமி கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்திருக்கிறார். "எண்ட புள்ளைட கால்ல குத்துறாங்களே," என்று அழுதாராம். அந்தப் பாதத்தில் அவருக்கு எந்தப் பாதம் ஞாபகம் வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் சரியாகி, மகளை என் கையில் தந்தார்கள். பிறந்த பிள்ளையின் நாவில் வீட்டுக்குப் பெரியவர் பேரீச்சம்பழம் மசித்துத் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். அதுவரைக்கும் தள்ளிப் போட்டிருந்தோம். கணவர் பழத்தை மாமியிடம் நீட்டினார். மாமி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "அவட உம்மாக்குக் குடுங்க," என்று என் உம்மாவைக் காட்டினார். கேஸ்ட்ரிக் என்று ஊரை ஏய்த்த என் உம்மா, அதை மசித்துத் தொட்டு வைத்தார்.

மகள் இப்போது பாலர் பாடசாலைக்குப் போகிறாள். ஓடுவாள், மரமேறுவாள், மாமியை ஒரு நிமிடம் உட்காரவிட மாட்டாள். ஒரு குறையும் இல்லை. அல்லாஹ்வின் கிருபை என்று மாமி சொல்வார். ஆனால் அந்தக் குசினியில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டு அடுப்பு மூட்டியறியாத அந்த மனுஷி, தன் பேத்திக்கு ஒரு விசுக்கோத்துக் கொடுப்பதென்றாலும் என்னிடம் வந்து "குடுக்கலாமா மகள்?" என்று கேட்கிறார். நான் பாடசாலையில் இருந்தால் நான் வரும்வரைக்கும் பிள்ளையை அழவிடுகிறார்.

போன நோன்பில் ஒருநாள் நோன்பு திறக்கக் கஞ்சிக் கோப்பைகளோடு பாங்குக்காக உட்கார்ந்திருந்தோம். மகள் மாமியின் மடியில் ஏறி, "எனக்கும் ஈத்தம்பழம்," என்று நச்சரித்தாள். மாமி பழத்தைக் கையில் எடுத்துக் கொட்டையை நீக்கிவிட்டு, அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"குடுக்கலாமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்கட பேத்தி தானே மாமி. ஏன் எண்டக்கிட்டக் கேக்கிறீங்க?" என்றேன்.

"கேட்டுக் குடுக்கிறது நல்லம் மகள்," என்றார். "அப்ப நான் கேக்கல்ல தானே."

அப்போது நான்தான் சொல்லவில்லை என்று அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.